மூன்று விரல் இடைவெளி

நாலு மணி வெயில் திருவொற்றியூர் ஷெட்டின் தகரக் கூரையில் காய்கிறது. வெளியே கன்டெய்னர் லாரிகள் தார்ச்சாலையைக் குதறிக்கொண்டு போகின்றன. பாஸ்கரின் பழைய எஸ்டீம் கார் தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கிறது. "இன்னும் ஒரு வெரல் எறக்கு மாமு, அப்பத்தான் கெத்து," என்கிறான் பாஸ்கர். மெக்கானிக் செங்குட்டுவன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்க்கிறான். மூன்று விரல். "எப்பவும் போற ஆளுங்க ஏறி குந்துங்க. வெயிட்டு வெச்சிதான் ஒசரம் பாக்கணும்." வினிதா முன்சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கில் உட்கார்ந்த புருஷன் பாஸ்கரின் சட்டைக் காலரை இழுத்துவிடுகிறாள். தேரடி பஸ் நிறுத்தத்தில் மூன்று வருடம் அவளுக்காக நின்றவன் செங்குட்டுவன். போய்ப் பேசியவன் பாஸ்கர். வண்டி அமிழ்கிறது. இடுக்கில் தெரிந்த வெளிச்சம் ஒன்றரை விரலாகச் சுருங்குகிறது. இதற்கும் கீழே இறக்கினால் முதல் பள்ளத்திலேயே டயர் உரசிக் கிழியும். கேட்டபடியே இறக்கிக் கொடுத்தால் என்ன என்று செங்குட்டுவனுக்கு ஒரு கணம் தோன்றுகிறது. இருவரும் இறங்கியதும் ஜாக்கி போட்டு, ஸ்பிரிங்கைத் தாங்கும் நட்டில் ஸ்பேனரை மாட்டுகிறான். கை நட்டை மேல்நோக்கித்தான் திருகுகிறது. "இன்னா மாமு, ஏத்திகினு கீற?" செங்குட்டுவன் நிமிராமலே சொல்கிறான்: "நீ மட்டும் தனியா போறதுன்னா சொல்லு, தரையிலயே படுக்க வெச்சித் தரேன்."