சத்தம் போடாத எஞ்சின்

“பழைய எஞ்சினும் நல்லாத்தானே சார் ஓடிச்சு?”

பலகை மாற்றி, வார்னிஷ் அடித்துப் புதிதாக்கிய தாத்தா காலத்து மரப்படகில், புது எஞ்சினை வைத்து போல்ட்டை முறுக்கியபடி மெக்கானிக் கேட்டான்.

“ஊரையே எழுப்புற சத்தம் தம்பி அது. வீட்டுல அம்மாவும் பொண்டாட்டியும் கீரியும் பாம்பும். நிம்மதி தேடித்தான் ஏரிக்கே வர்றேன். இங்கயும் இரைச்சலா?”

“எஞ்சின் மாத்தறதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“பழசே போதும்னு ரெண்டு பேரும் ஒரே பிடியா நின்னாங்க. கல்யாணமானதிலேர்ந்து அவங்க ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதான் சொல்லாமலே மாட்டறேன்.”

புது எஞ்சின் கொசு அளவுக்குக்கூடச் சத்தம் போடவில்லை. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் அவர் படகைக் கட்டினார். சமையலறை ஜன்னலில் சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தார். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

“அவர் வர்ற நேரமாச்சு அத்தை. சண்டையை ஆரம்பிக்கலாமா?”

“எஞ்சின் சத்தம் கேக்கட்டும்மா. நாம ஒத்துமையா இருக்கறது தெரிஞ்சா, அவன் வீட்டை விட்டு நகரவே மாட்டான்.”

அவர் ஓசைப்படாமல் படகுக்குத் திரும்பி, மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“தம்பி, அந்தப் பழைய எஞ்சினை யாருக்கும் குடுத்துடாதே.”