செர்ரி ஃப்ளாய்

அன்று மேசையில் இருந்தது செர்ரி ஃப்ளாயா, ஆப்ரிகாட் ஃப்ளாயா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊரே வேடம் போட்டு ஆடும் கார்னிவல் முடிந்து வந்த வியாழக்கிழமை என்பது சரி. காலை எட்டு மணி என்பதும் சரி. மற்றதில் எதைப் பார்த்தேன், எதைப் பின்னால் சேர்த்துக்கொண்டேன் என்று பிரிக்கத் தெரியவில்லை.

வீல் அட்டைப் பெட்டியைத் திறந்து, மாவின் மேல் பழம் பரப்பிச் சுட்ட அந்த வட்டமான ஃப்ளாயைப் பன்னிரண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடப் போலீஸ்காரர். அவர் வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்கும்.

"என்னப்பா வீல், இந்தத் தடவ எதத் தொலச்ச? சாவியையா, பொண்டாட்டியையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கோழி ஒண்ணு கொஞ்சம் அடிபட்டுப்போச்சு. வாய மூடிட்டுத் தின்னு."

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் நிலையத்தில் இது வழக்கம். வண்டியை இடித்தவன், கைவிலங்குச் சாவியைத் தொலைத்தவன், தப்பான வீட்டுக் கதவை உடைத்தவன் ஃப்ளாய் வாங்கி வர வேண்டும். தின்ற பிறகு அந்தத் தவறைப் பற்றி எவரும் வாய் திறக்கக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டங்களை மீறியிருக்கிறோம். இதை மீறியதில்லை.

கோழி என்றது, கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழி வேடத்தில் குடித்துவிட்டு ஆடிய ஒரு மனிதரை. கைவிலங்கு மாட்டிய பிறகு வீல் அவர் தலையை வண்டிக் கதவில் மோதினார். ஒரு முறை அல்ல. வண்டிக்குள் மஞ்சள் இறகுகள் புதன்கிழமை வரை கிடந்தன.

அந்தச் சந்தில் வேறு ஆளில்லை. பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். யோலைன், நான்.

யோலைன் வேலைக்கு வந்து இரண்டு வருடம். புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்னொரு சாட்சி இல்லாவிட்டால் அது நிற்காது. வியாழன் பதினொரு மணிக்குள் வந்து சொல்லும்படி சீஃப் என்னிடம் கேட்டிருந்தார். சொல்கிறேன் என்று யோலைனிடம் நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். அவள் நன்றி சொல்லவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சீஃபின் பெயர் ஹில்கே போஸ்மா. வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்திலிருந்து வந்தவர். எங்கள் நிலையத்தின் குணத்தை மாற்றத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். எட்டு மாதமாக மாற்றிக்கொண்டிருந்தார். உடை மாற்றும் அறைச் சுவரில் இருந்த படங்களைக் கழற்றினார். தன் அறைக் கதவைத் திறந்தே வைத்தார். யாரும் உள்ளே போகவில்லை.

காப்பியைத் தனியாகக் குடிப்பார். ஃப்ளாய் வந்த காலைகளில் அவருக்கு ஒரு துண்டு வைக்க எவருக்கும் தோன்றியதில்லை.

அன்று உள்ளே வந்தவர் மேசையைப் பார்த்து நின்றார்.

"அட, யாருக்குப் பொறந்த நாளு?"

வீல் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யோலைன் ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் துண்டு எடுக்கவில்லை.

இது எதற்கான ஃப்ளாய் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அறையில் பதினோரு பேர் இருந்தோம். அந்த வார்த்தை எல்லோருக்கும் தெரியும்.

பிறகு சீஃபின் கையில் ஒரு தட்டு இருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. அதை மறக்க முயன்றிருக்கிறேன். கடைசியில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்திருப்பார். முள்கரண்டியால் ஓரத்தை உடைத்து வாயில் வைத்தார்.

"ரொம்ப நல்லா இருக்கே, வீல். தேங்க்ஸ்."

யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

யோலைன் தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள்.

சீஃப் அவள் போவதைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். ஏதோ நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. மரியாதைக்காக மீதியையும் தின்று முடித்தார்.

பதினொரு மணிக்கு அவர் கதவு திறந்திருந்தது. அந்த அறைக்குள் நானாக நடந்து போனது அதுதான் முதல் முறை. ஞாயிற்றுக்கிழமை நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை என்று சொன்னேன்.

அவர் யோலைனின் புகார்த் தாளை மூடி வைத்தார்.

ஹில்கே போஸ்மா அடுத்த வருடம் வடக்கே திரும்பிவிட்டார். ஃப்ளாய் தின்றால் என்ன அர்த்தம் என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா, தெரியாது. யோலைன் கோடைக்கு முன்பே வேலையை விட்டாள். தக்காளிப் பண்ணை ஒன்றில் இருக்கிறாள். வீல் ஓய்வு பெற்ற நாளில் வாசலில் பேண்டு வாசித்தார்கள். கோழி வேடக்காரருக்கு இடது காது கேட்பதில்லை. அவர் பெயர் ஹூப். அப்போது நாங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

நான் இப்போது அதே நிலையத்தில் சீஃப். அதே அறை. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஃப்ளாய் வரும் காலைகளில் முதல் துண்டு எனக்கு வந்துவிடும்.

செர்ரிதான். அந்தத் தட்டை போஸ்மாவின் கையில் கொடுத்தது நான்.