வெளிப்பக்க முடிச்சு

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தபின் ஆறு வாரம் இறுக்கமான பெல்ட் போட வேண்டும் என்றார்கள். வீக்கம் வடிய வடிய அது தளரும். தளர்ந்தால் தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும், மறுபடி ஊசி குத்தி எடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பயம்தான்.

இரண்டாம் வாரம் பெல்ட் தொளதொளத்தது. காலையில் துவைத்து பால்கனிக் கொடியில் போட்டேன். வீட்டில் நான் மட்டும்தான். மதியம் எடுத்து அணிந்தபோது கச்சிதமாகப் பிடித்தது.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் பெல்ட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு அக்கா பிடிச்சுத் தைச்சது? ரெண்டு பக்கமும் ஒரே அளவு. நீர் கொஞ்சம்கூடக் கோக்கல."

"நான் இல்லம்மா. எனக்கு பட்டன் வைக்கக்கூட வராது."

"அப்ப உங்க மேல ஆசைப்பட்டு அதுவே சுருங்கிடுச்சாக்கும்! முடிச்ச மட்டும் வெளிப்பக்கம் விட்டிருக்காங்க, பாருங்க."

என் கணவர் தையற்காரர். என் துணிகளில் மட்டும் முடிச்சை வெளிப்பக்கம் விடுவார். அசிங்கமாக இருக்கிறது என்று திட்டுவேன். "உள்ள விட்டா உனக்குக் குத்தும்டி" என்பார். அவர் போய் இரண்டு வருடமாகிறது.

அடுத்த வாரம் பெல்ட் மறுபடி தளர்ந்தது. துவைத்துக் காயப்போட்டேன். ஊசியில் நூல் கோத்துப் பக்கத்தில் வைத்தேன். கடைசிக் காலத்தில் அவருக்கு ஊசிக்காது தெரியாது. நான்தான் கோத்துத் தருவேன்.