தேர்வு முடிந்த ஞாயிறு

டெல்பினின் அம்மா இறந்தபோது ஜெனோவாவுக்கு உடற்கூறியல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மருத்துவக் கல்லூரி விடுதியை விட்டு அவள் கிளம்பவில்லை. தேர்வெல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குப் போய், பள்ளிக்காலத்துத் தோழியான டெல்பினோடு கல்லறைத் தோட்டத்தில் முழங்காலிட்டாள். சிறுவயதிலிருந்து நாவில் புரண்ட ஜெபம் பாதியில் நின்றுபோனது. அடுத்த வரியைத் தேடினால் தேர்வுக்கு மனப்பாடம் செய்த முகத்து நரம்புக் கிளைகளின் பெயர்கள்தான் வரிசையாக வந்தன. அழுகையும் வரவில்லை.

“ஏட்டி, நான் அன்னைக்கே வந்திருக்கணும்,” என்றாள்.

டெல்பின் ஜெனோவாவின் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. உங்களுக்குப் படிப்பு கெடக்குல்லா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க.”

பள்ளிக்காலம் போல ‘நீ’ என்றே கூப்பிடச் சொல்லிக் கேட்க ஜெனோவாவுக்கு வாயெழவில்லை. தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.