கறுப்பு மணலில் ஒரு டிக்டிக்

கதிர்வீச்சை எண்ணும் கருவி ஒன்று இருந்தது. மண்ணிலிருந்தோ வானத்திலிருந்தோ ஒரு கதிர் வந்து பட்டால் போதும், 'டிக்' என்று கத்திவிடும். சுண்ணாம்புக்கல் ஊரிலேயே வளர்ந்ததால், நிமிஷத்துக்குப் பத்து டிக் என்பதுதான் உலக வழக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அதைக் கடற்கரைக்குத் தூக்கிவந்து கறுப்பு மணலில் வைத்தார்கள். அவ்வளவுதான். டிக்டிக்டிக்டிக்டிக்! கருவிக்கு மூச்சு முட்டியது. முள் பேயாட்டம் ஆடியது.

"ஐயையோ, ஓடுங்க! இந்த ஊருக்கு என்னமோ ஆயிடுச்சு!"

பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு கண்ணை மட்டும் நீட்டியது.

"ஒண்ணும் ஆகலைங்க. மலைப்பாறை உதிர்ந்து, ஆத்தோட வந்து, அலை சலிச்சுக் குவிச்ச மணல் இது. இதுல கதிர் வீசற தோரியம் ஜாஸ்தி. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலயும் இப்படித்தான்."

"இந்தச் சத்தத்துல எப்படிங்க குடும்பம் நடத்தறீங்க?"

"இங்க கத்துறது நீங்க ஒருத்தர்தாங்க."

கருவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல வந்து பாருங்க! நிமிஷத்துக்குப் பத்தே டிக்!"

"அந்தப் பத்து எங்கிருந்துங்க வருது?"

"அதுவா? வானத்துலேருந்து கொஞ்சம், எங்க வீட்டுச் சுவத்துலேருந்து கொஞ்சம். அதையெல்லாம் கணக்குல சேர்ப்பாங்களா? அது எங்க வீடுங்க!"

நண்டு பத்துக் காலும் குலுங்கச் சிரித்தது.

"சரிங்க, நானும் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லி, கருவி டிக்டிக்டிக்கென்று அலற அலற, அதே மணலுக்குள் இறங்கி வாசலை மூடிக்கொண்டது.