அறுநூறு பச்சைப் புள்ளிகள்

உறையின் ஓரத்தில் கத்தரிக்கோலை வைத்தவள், மறுபடியும் எடுத்துவிட்டாள். இதோடு மூன்றாவது முறை.

காலையில் துறைத் தலைவி கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "என்னம்மா, நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள செடிக்குப் பேரப்பிள்ளையே வந்துடும் போலிருக்கே? இன்னைக்கு உறையைப் பிரிச்சே ஆகணும்."

கேலிதான், ஆனால் பொய்யில்லை. வளர்ப்பறையில் அந்தச் செடிகளின் பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே பூத்து நின்றன.

வேலை இவ்வளவுதான். இலையின் செல்லுக்குள் உட்கரு. உட்கருவுக்குள், பச்சையாக மினுங்கும்படி அடையாளமிட்ட ஒரு மரபணு. அந்தப் பச்சைப் புள்ளி ஓரத்தை ஒட்டி நிற்கிறதா, நடுவில் கிடக்கிறதா என்று நுண்ணோக்கிப் படங்களில் பார்த்து எண்ண வேண்டும்.

மண்ணில் செம்பு மிஞ்சி நஞ்சாகும்போது, ஓரத்தில் நிற்கும் மரபணு விழித்துக்கொண்டு செடியைக் காப்பாற்றுகிறது. அதே மரபணு, ஓர் எழுத்துக்கூட மாறாமல், நடுவுக்கு நகர்ந்துவிட்டால் தூங்கிப்போகிறது. செடி வெளுத்துச் சாகிறது. இது இருவரின் ஊகம்.

இருவர் என்றால் அவளும் அவள் கணவனும்.

எது செம்புத் தண்ணீர் குடித்த செடி, எது வெறும் தண்ணீர் குடித்த செடி என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தான் ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும். அதனால் செடிகளின் பெயரை மறைத்துப் படங்களுக்கு வெறும் எண்களைக் கொடுப்பது அவன் வேலை. எந்த எண் எந்தச் செடி என்ற பட்டியல் உறைக்குள் போய்விடும்.

யார் வேலைக்காக யார் ஊர் மாறுவது என்று அவர்களுக்குள் ஒரு பழைய சண்டை இருந்தது. எட்டு மாதம் முன்பு அது முற்றி, அவன் நிஜமாகவே பெட்டியைக் கட்டிவிட்டான். கிளம்புகிற அன்று காலையில்தான் இந்த உறையை ஒட்டி, அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. இரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்கள். வீம்புக்குப் படிப்பு ஒரு தடையே இல்லை.

அறுநூறு புள்ளிகளையும் அவள் மூன்றே வாரத்தில் எண்ணி முடித்திருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி எண்ணினாள். அதற்கப்புறமும் எண்ணினாள். உறையைப் பிரித்துவிட்டால், இருவரும் சேர்ந்து செய்ய உலகத்தில் ஒரு வேலையும் மிச்சமிருக்காது. அவன் வந்துவிட மாட்டானா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. தானாகக் கூப்பிடத்தான் மானம் இடம் கொடுக்கவில்லை.

இன்று வேறு வழியில்லை. வெட்டினாள்.

உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். விரித்தாள். ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் வெள்ளை.

சர்க்கரை டப்பாவில்கூடத் தேதி எழுதி ஒட்டுகிறவன் அவன். மறந்திருக்க மாட்டான்.

ஃபோனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

"எண்ணி முடிக்க எட்டு மாசமா உனக்கு?"