கேட்டுக்கு அந்தப் பக்கம்

“எங்க தெருவுல தீயணைப்பு நிலையம் வேண்டாம்!”

ஓமுர்பெக் எழுந்து நின்று சொன்னதும் பள்ளிக்கூட ஹாலில் சளசளப்பு நின்றது.

ஜிபாருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பிஷ்கெக் நகரத் திட்டப் பிரிவில் அவளுக்கு இது ஆறாவது வருஷம். குப்பைக் கிடங்கு வேண்டாம் என்பார்கள், மதுக்கடை வேண்டாம் என்பார்கள். தீயணைப்பு நிலையத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

அதுவும் இந்த மனுஷன்! போன குளிர்காலத்தில் எரிந்தது இவர் வீடுதான். வண்டி வந்து சேர்வதற்குள் கூரை இறங்கிவிட்டது. அந்த விபத்தைக் காட்டித்தான் இந்தக் குடியிருப்புக்கு ஒரு புது நிலையத்தையே போராடி வாங்கியிருந்தாள் ஜிபார்.

“ஏண்ணே வேண்டாங்கிறீங்க?”

“சைரன் கேட்டா நான் பால் கறக்கற பெண்குதிரை மிரளும். மிரண்டா பால் குடுக்காது.”

ஹால் சிரித்தது.

“குதிரையைத்தான் போன வருஷமே வித்துட்டியேப்பா!” பின் வரிசையிலிருந்து சைராகுல் கத்தினாள். ரொட்டி சுட்டு விற்பவள். அவளுக்குத் தெரியாத சங்கதி அந்தத் தெருவில் கிடையாது.

“திரும்ப வாங்கப் போறேன்.” ஓமுர்பெக் கம்பளித் தொப்பியைக் கையில் கசக்கினார். “அப்புறம், அந்த இடம் சதசதன்னு ஈரம். லாரி நின்னா புதைஞ்சுடும்.”

“மண்ணைப் பரிசோதிச்சாச்சு. பாறை மாதிரி இருக்குண்ணே.”

“பிள்ளைங்க பந்து விளையாடற இடம்.”

வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்பது தெரிந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை.

“சரி, எங்கதான் வைக்கச் சொல்றீங்க?”

அவர் விறுவிறுவென்று நடந்து வந்து, சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் ரயில் பாதைக்கு வடக்கே வெள்ளையாகக் கிடந்த பகுதியில் விரலை வைத்தார்.

“இங்க.”

“அங்க யாருமே இல்லையேண்ணே. வெறும் பொட்டல்.”

“பொட்டல்னா இடம் எடுக்கறது சுலபம்தானே?”

இதற்கு ஹால் இன்னும் பலமாகச் சிரிக்கும் என்று ஜிபார் நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். சைராகுல்கூட வாயைத் திறக்கவில்லை.

முன் வரிசையில் வட்டார அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். ஓமுர்பெக்கின் கண் அடிக்கடி அந்தப் பேனாவுக்கே போய்வந்தது.

‘அந்தப் பொட்டலில் இவருக்கு நிலம் கிடக்கிறதோ? அரசாங்கத்தின் தலையில் கட்டப் பார்க்கிறாரோ?’ அப்படி நினைத்த பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் கணக்கு ஒத்துவந்த மாதிரி இருந்தது. கோபமும் வந்தது.

கூட்டம் கலைந்து வெளியே வந்தவளை அவர் வழிமறித்தார்.

“தங்கச்சி, அரை மணி நேரம் என்கூட வர்றீங்களா?”

“எதுவானாலும் இங்கயே சொல்லுங்க.”

“சொன்னா வம்பு. வந்து பாருங்க.”

அவருடைய ஓட்டைக் காரில் ஏறினாள். ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் வருவதாகச் சொன்னார்கள். வருகிற வழியைக் காணோம். ஓமுர்பெக் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். ஜிபார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட் திறக்கப் பதினெட்டு நிமிஷம் ஆனது.

“தினமும் இப்படித்தானா?”

“தினம் நாலஞ்சு தடவை.”

மேட்டில் ஏறி இறங்கியதும் ஜிபார் திகைத்துப்போனாள். உயர் அழுத்த மின்கம்பிகளுக்கு நேர் கீழே, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மண் வீடுகள். எல்லாக் கூரையிலும் புகை. ஒரே கம்பத்திலிருந்து ஒரு தெரு முழுக்க மின்சார ஒயர் இழுத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள் ஓடினார்கள்.

“எத்தனை வீடுண்ணே?”

“முந்நூத்தி நாப்பது. எண்ணிட்டேன்.”

“என் படத்துல ஒண்ணுகூட இல்லையே!”

“பட்டா இருந்தாத்தானே உங்க படத்துல ஏறும்? மலையிலேருந்து பிழைக்க வந்த ஜனம். கம்பிக்குக் கீழ குடியிருக்கக் கூடாது, இடிப்போம்னு மிரட்டிக்கிட்டே இருக்காங்க.”

“அதனாலதான் குதிரை, பந்துன்னு...”

“வேற என்ன சொல்றது? நான் ‘அங்க வீடு இருக்கு’ன்னு சொல்லி, அது அந்த அதிகாரி நோட்டுல ஏறிட்டா, தண்ணி லாரிக்கு முன்னால புல்டோசர் வந்து நிக்கும். அது எங்க தெருக்காரங்க எல்லாருக்கும் தெரியும்.”

“உங்க தெருவுக்கு நிலையம் வேண்டாமா?”

“பழைய நிலையம் கேட்டுக்கு எங்க பக்கம்தான், அந்த ரோட்டையும் இப்ப அகலப்படுத்திட்டாங்க. எட்டு நிமிஷத்துல வந்துடலாம், நானே ஓட்டிப் பார்த்தேன். இவங்க நிலைமை அப்படியா? கேட் மூடியிருந்தா எல்லாம் சாம்பல்தான்.”

ஜிபார் கார் முகப்பின்மேல் ஃபைலை விரித்தாள். பிறகு எழுதினாள்: ‘ரயில் கேட் ஒரு முறைக்குப் பதினெட்டு நிமிடம் வரை அடைபடுகிறது. வடக்கே உயர் அழுத்த மின்கம்பிகளில் தீப்பிடித்தால் பழைய நிலையத்து வண்டி கேட்டிலேயே நின்றுவிடும். ஆகவே புதிய நிலையம் பாதைக்கு வடக்கே அமைவதே பொருத்தம்.’

பொய் ஒரு எழுத்து இல்லை. வீடு என்ற வார்த்தையும் இல்லை.

ஓமுர்பெக் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஜிபாருக்கு ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

“ஏண்ணே, உங்க சொந்தக்காரங்க யாராவது இங்க இருக்காங்களா?”

“ஒருத்தரும் இல்ல. முக்கால்வாசிப் பேரோட பேர்கூடத் தெரியாது.” அவர் ரயில் கேட் பக்கம் கையைக் காட்டினார். “என் வீடு எரிஞ்ச அன்னிக்குக் கேட் மூடியிருந்துச்சு தங்கச்சி. நின்னுக்கிட்டிருந்த ரயிலுக்கு அடியில புகுந்து, வாளியோட ஓடிவந்து என் மகளை வெளிய தூக்கிட்டு வந்தது, உங்க படத்துல இல்லாத இந்த ஜனங்கதான்.”